கிழக்குப் பக்கம் சாந்தி அக்கா, மேற்குப் பக்கம் மார்க்கெட்

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கமாக வந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காலியான தெர்மாக்கோல் பெட்டிகளை ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு அடி ஆழம். வெயில் சூடு உள்ளே இறங்காது. அடியில் நாலு ஓட்டை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். விதை போட இதைவிட நல்ல தொட்டி எங்கே கிடைக்கும்? நர்சரியில் இடம் இல்லை என்றால் என்ன, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்டுவிடலாமே! அப்போது என் கைப்பையில் ஒரு சின்ன டிபன் டப்பா இருந்தது. அதற்குள் பன்னிரண்டு ராம் சீத்தா விதைகள். அவை என்னுடையவை அல்ல. எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

நீங்கள் இரண்டு பேரும் நர்சரியில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பணி அனுபவம் என்றால் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது வழக்கம். நான் ஓய்வு பெற இன்னும் முப்பது வருடமாவது ஆகும். அதுவரை இதை ஞாபகம் வைத்திருப்பேனா என்று சந்தேகமாக இருக்கிறது. தவிர, போன வாரம் நீங்கள் பதினைந்து தட்டு விதை போட்டுவிட்டு ஒன்றில்கூட பெயர் எழுதாமல் சாப்பிடப் போனீர்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

டிபன் டப்பாவைக் கொண்டுவந்தது சாந்தி அக்கா. முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா மில்லில் வேலை பார்த்தவர். அவர் அங்கேயே விட்டுப்போன வீட்டை அண்ணன், அக்கா, தம்பி மூன்று பேருமாகப் போன வருடம் விற்றார்கள். விற்கும்போது என்னென்னவோ சண்டை. அதையெல்லாம் அக்கா என்னிடம் சொல்லவில்லை; மூன்று பேரும் பேசிக்கொள்வதில்லை என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு ராம் சீத்தா மரம் இருந்தது. யாரும் நட்டதில்லை, யாரோ தின்று துப்பிய விதையாம். பழத்தின் தோல் சிவந்திருக்கும், உள்ளே வெண்ணெய் மாதிரி. மார்க்கெட்டில் வரும் ராம் சீத்தாவைத் தின்றால் நாக்கில் மணல் மாதிரி நெருடுமே, அந்த நெருடல் இதில் கிடையாது. வீட்டை வாங்கியவர் முதல் வேலையாக மரத்தை வெட்டினார். கடைசியாகக் கிடைத்த ஒரே பழத்தின் விதைகள்தான் டப்பாவில் இருந்தன.

அக்கா கேட்டது எளிமையான விஷயம். ஆளுக்கு ஒரு செடி. அதைச் சாக்காக வைத்து அண்ணனையும் தம்பியையும் ஒரு நாள் ஒரே இடத்துக்கு வரவழைக்க வேண்டும். "வேற எதுக்குக் கூப்ட்டாலும் வரமாட்டாங்கம்மா. இதுக்கு வருவாங்க" என்றார்.

நம் ஓனரம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. நம் நர்சரியில் பழச்செடி எல்லாம் லாரியில் ஒட்டுச்செடியாக வந்து இறங்குபவை. சீத்தா விதை முளைக்க ஒரு மாதமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும், முளைக்காமலும் போகும். அதற்குத் தட்டும் இடமும் தண்ணீரும் ஒதுக்க அவரால் முடியாது. சாந்தி அக்கா டப்பாவை மூடிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடிப்போய், "குடுங்கக்கா, நான் வீட்ல போட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டேன். பி.எஸ்சி. தாவரவியல் முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாத விதையா?

பெட்டியை லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை கழுவினேன். மீன் நாற்றம் போயிற்று. உப்பு போயிற்றா என்பது தெரியவில்லை. மண்ணை நிரப்பி, அக்காவின் விதைக்கு முன்னால் ஒரு பிடி வெந்தயத்தைத் தூவிப் பார்த்தேன். வெந்தயம் மூன்றாம் நாளே தலைகாட்ட வேண்டும். ஒரு வாரமாகியும் இரண்டே இரண்டுதான் வந்தன, அவையும் நுனி கருகி. மண்ணைக் கொட்டி, பெட்டியை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, புது மண் போட்டேன். இந்தமுறை வெந்தயம் பச்சையாகக் கிளம்பியது. இது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் புத்தியோடு செய்த காரியம். மெதுவான விதையிடம் கேள்வி கேட்டால் பதிலுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதே கேள்வியை ஒரு வேகமான விதையிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது புத்தி அதிகமானதால் வந்த வினை. எந்தச் சோதனை செய்தாலும் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். அக்காவின் விதை முளைக்கவில்லை என்றால் தப்பு விதையிலா, மண்ணிலா என்று எப்படித் தெரியும்? பெரிய மார்க்கெட்டில் ஒரு ராம் சீத்தா வாங்கி, தின்று, பன்னிரண்டு விதைகளை எடுத்தேன். ஒரே பெட்டி, ஒரே மண், ஒரே நாள். நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரு கோடியில் அவருடையது, மறு கோடியில் இது. நோட்டை எடுத்து, தேதி போட்டு, அழகாக எழுதினேன்: கிழக்குப் பக்கம் சாந்தி அக்கா, மேற்குப் பக்கம் மார்க்கெட்.

பெட்டியில் எதுவும் எழுதவில்லை. குச்சியும் குத்தவில்லை. மொட்டை மாடியில் இருக்கும் பெட்டி எங்கே நடந்து போகப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் பத்து நாள் பொறுமையாக இருந்தேன். பிறகு தினமும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இருபதாம் நாளுக்குமேல் சாந்தி அக்கா போன் செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஒவ்வொரு காரணம் சொன்னேன். இருபத்திரண்டாம் நாள் தாங்க முடியாமல், இரண்டு கோடியிலும் ஒவ்வொரு விதையைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். இரண்டும் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே கறுப்பாக, கல் மாதிரி இருந்தன. நிம்மதி வரவில்லை என்பதால் மறுவாரம் மறுபடியும் தோண்டினேன். ஒரு விதையில் வெள்ளையாக ஒரு முனை வந்திருந்தது. அது என் நகம் பட்டு முறிந்தது. முளைக்குமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதிலை நானே கொன்றுவிட்டேன்.

அது எந்தக் கோடி? கிழக்கு. அதாவது, அன்றைக்குக் கிழக்காக இருந்த பக்கம்.

நாற்பத்தேழாம் நாள் காலையில் ஏழு முளைகள். ஒரு கோடியில் நாலு, மறு கோடியில் மூன்று. மூன்று இருந்த கோடிதான் கிழக்கு. முளை ஒவ்வொன்றும் கழுத்தை வளைத்து விதைத் தொப்பியைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் அங்கேயே நின்று சாந்தி அக்காவுக்குப் போன் போட்டு, மூன்று வந்துவிட்டது, ஆளுக்கு ஒன்று, சரியாக மூன்று என்று கத்தினேன். அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கும் சந்தோஷம்.

"நான் திருப்பித் திருப்பி வச்சது வீண் போகல" என்றார்.

"எத திருப்பின?"

"பொட்டியத்தான். ஒரு பக்கம் டேங்க் நிழல் விழுது, ஒரு பக்கம் மட்டும் மண்ணு காயுது. வடாம் தட்டத் திருப்புற மாதிரி திருப்பி வச்சேன்."

"எத்தன தடவ?"

"ஞாபகம் வந்தப்பல்லாம். அத யாரு எண்ணிட்டு இருந்தா?"

எங்கள் அம்மா வருடாவருடம் வடாம் போடுவார். தட்டில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வெடித்துவிடக் கூடாது என்று வெயில் நகர நகரத் தட்டைத் திருப்பி வைப்பார். அந்தக் கை, மண் பெட்டியைக் கண்டாலும் சும்மா இருக்காது. அவர் செய்ததால்தான் இரண்டு கோடியிலும் முளைத்தது என்றுகூடச் சொல்லலாம். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுவே பெரிய எரிச்சலாக இருந்தது.

செல்போனில் விதை போட்ட அன்று எடுத்த படங்களைத் தேடினேன். ஒன்பது படங்கள். எல்லாவற்றிலும் மண்ணையும் விதையையும் மட்டும் மிக நெருக்கமாக, மிக அழகாக எடுத்திருந்தேன். பின்னால் டேங்க்கோ மாடிச் சுவரோ ஒன்றில்கூடத் தெரியவில்லை. பெட்டியின் ஓரத்தில் மீன்காரர் நீல மையில் போட்ட ஒரு கோடு இருந்தது. அது முதலில் எந்தப் பக்கம் இருந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க இரண்டு பக்கமும் இருந்ததாகவே ஞாபகம் வந்தது. இலையைப் பார்த்தேன், தண்டைப் பார்த்தேன், கசக்கி முகர்ந்தேன். எல்லாம் ராம் சீத்தா. அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் மேலே படிக்கும் தோழியிடம் கேட்டேன். பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், தாய் மரத்தின் இலை ஒன்று கொண்டுவா என்றாள். தாய் மரம்தான் இல்லையே.

ஓனரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொய்யாச் செடிக்குப் பிளாஸ்டிக் கவர் மாற்றிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "உங்க அக்கா கிட்ட ஏழு செடியையும் குடுத்துட்டா ஒருத்தருக்கும் தெரியாதே" என்றார்.

"தெரியாதும்மா."

"மூணு வருஷம் கழிச்சுச் செடியே சொல்லிடும். அப்ப நீ இங்க இருப்பியா?"

இருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். இன்னொன்றையும் அவரே சொன்னார்: சரியான விதையாகவே இருந்தாலும் விதையில் வரும் செடி தாய் மாதிரியேதான் காய்க்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. அது ஆறுதலா, எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் கவரில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

உண்மையைப் போனில் சொல்லிவிடலாம் என்று அன்று மாலையே கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி அக்கா முந்திக்கொண்டார். அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டாராம். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றானாம். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்கப்போவது அன்றைக்குத்தான். நான் சரிக்கா, சரிக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். செடிகள் கொஞ்சம் தேறட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப் போட்டது மட்டும்தான் என்னால் முடிந்தது. அந்த இரண்டு மாதமும் தினம் ஒரு முடிவு எடுத்தேன். காலையில் எடுத்தது மாலையில் மாறிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு செடிகளையும் தனித்தனிக் கவரில் வைத்து, கோடி வாரியாக இரண்டு வரிசையாக நர்சரி வாசலில் அடுக்கினேன். அண்ணன் முதலில் வந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவர், இஸ்திரி கலையாத சட்டை. செடிகளைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. தம்பி பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டான். லேத் பட்டறையில் வேலை. சாந்தி அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, யாருக்கு முதலில் காபி ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார்.

அண்ணன்தான் கேட்டார்: "மூணுதான சொன்ன, ஏழு இருக்கே. இதுல நல்ல செடி எது? அது யாருக்கு?"

இதற்கு நான் தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. எல்லாமே நல்ல செடிதான் சார் என்று. வாயில் வந்தது வேறு. மீன் பெட்டி, மார்க்கெட் பழம், அம்மா திருப்பி வைத்தது, ஒன்பது படங்கள், எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். சாந்தி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நீலக் கவர்களைப் பார்த்தே சொன்னேன்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மார்க்கெட் செடி வாங்கணும்னா எங்களுக்கு வழி தெரியாதா? இதுக்கா என்ன கூப்ட்ட?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டப் போனார். அக்கா ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த நிமிஷம் தரையில் எங்காவது புதைந்துகொண்டால் தேவலை என்றிருந்தது.

தம்பி அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான். செடிகளுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "உங்கம்மா பொட்டியத்தான திருப்பனாங்க? செடிய மாத்தி நடலயே?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்ப இந்த நாலும் ஒரே ஜாதி. இந்த மூணும் ஒரே ஜாதி. ஒரு வரிசை முழுக்க நம்முது."

"ஆமா."

"இதுல இன்னா கஷ்டம்? இதுலேர்ந்து ஒண்ணு, அதுலேர்ந்து ஒண்ணு. ஆளுக்கு ரெண்டு. எல்லார் கையிலயும் நம்ம வீட்டுது ஒண்ணு இருக்கும்ல?"

இரண்டு மாதம் நான் மூளையைக் கசக்கியதை அவன் இரண்டு நிமிஷத்தில் முடித்தான். நான் எது சரியான செடி என்று கண்டுபிடிப்பதிலேயே நின்றுவிட்டேன். கண்டுபிடிக்காமலேயே சரியாகப் பங்கு பிரிக்கலாம் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. இதை மட்டும் உங்களுக்கு அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது: நெருக்கடியில் நாம் மாட்டிக்கொண்டு நிற்கும் கேள்வி, வாடிக்கையாளர் கேட்க வந்த கேள்வியாக இல்லாமலும் இருக்கலாம்.

அண்ணன் ஒரு செருப்போடு நின்றார். "ரெண்டையும் மூணு வருஷம் வளக்கணுமா? நான் இருக்கறது ரெண்டாவது மாடி."

"பெயிண்ட் டப்பால வையி. யாருக்கு மொதல்ல காய்க்குதோ அவங்க மத்தவங்களுக்கு போன் பண்ணி எந்த வரிசைன்னு சொல்லணும். அப்பறம் வேண்டாதத எடுத்துடலாம்."

"போன் நம்பர மாத்திட்டியே" என்றார் அண்ணன்.

"நீ எப்ப போட்டுப் பாத்த?"

சாந்தி அக்கா தன் பையிலிருந்து தையல் நூல்கண்டுகளை எடுத்தார். நாலு செடி வரிசைக்குச் சிவப்பு, மூன்று செடி வரிசைக்கு வெள்ளை. ஒவ்வொரு தண்டிலும் தளர்வாக ஒரு முடிச்சு. நான் நாலு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையை அவர் என் கண்ணெதிரே செய்து முடித்தார். அண்ணன் மறு செருப்பையும் கழற்றிவிட்டுக் காபி குடித்தார். போகும்போது தம்பி பைக்கில் தன் செடிகளோடு அண்ணன் செடிகளையும் ஏற்றிக்கொண்டு போனான். அண்ணன் பஸ்ஸில்தான் போனார். ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாந்தி அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போனார். பிறகு இரண்டு வாரம் போன் இல்லை. மூன்றாவது வாரம் கூப்பிட்டு, சிவப்பு நூல் செடியில் இலை சுருட்டுகிறது, தம்பி வீட்டிலும் அப்படித்தானாம், அண்ணனுக்கு இல்லையாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். எனக்கு இலைச்சுருட்டல் பற்றிக் கவலையே வரவில்லை.

மிச்சமான ஏழாவது செடி, சிவப்பு நூல், நம் நர்சரியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. நீங்கள் வந்த அன்று என்ன செடி அக்கா என்று கேட்டீர்கள். தெரியாது என்று சொன்னேன். நீங்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தீர்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்குத் தொட்டி கொடுத்துவிட்டு முத்தியால்பேட்டை வழியாக வந்தேன். சாந்தி அக்கா முன்பே அடையாளம் சொல்லியிருந்த, விற்றுப்போன அந்த வீட்டை இடித்தாயிற்று, புதிது இன்னும் கட்டவில்லை. தகரத் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பின்பக்கத்தில் வெட்டிய அடிமரத்திலிருந்து இரண்டு கிளை துளிர்த்து, மழைக்கு என் தோள் உயரம் வளர்ந்திருக்கிறது. பென்சில் தடிமன். அதிலிருந்து ஒரு குச்சி எடுத்து ஏழாவது செடியில் ஒட்டுக் கட்டினால், பிடித்துக்கொண்டால், அது அந்த மரமேதான். சந்தேகமே இல்லாத செடி. காய்க்கவும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டாம். அதன் இலை ஒன்றைத் தோழியிடம் கொடுத்தால் எந்த வரிசை என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் அப்படி ஒன்று கையில் வந்துவிட்டால், அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு எந்த வரிசை என்று கேட்க என்ன இருக்கிறது? அதை யாருக்குக் கொடுப்பது? சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது இன்னொரு மறைப்பு ஆகாதா? நேற்று முழுக்க யோசித்தேன். காலையில் ஒரு முடிவு, மாலையில் இன்னொன்று. கடைசியில் சாந்தி அக்காவுக்கே போன் செய்தேன், இந்தமுறை அவர் முந்திக்கொள்ள விடாமல். கேட்டுவிட்டு அவர், "மொதல்ல வெட்டி எடுத்து வை. அவங்க ரெண்டு பேர் கிட்டயும் சொல்றதா வேணாமான்னு பொறகு பாக்கலாம்" என்றார். அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இடத்தைக் காவல் காப்பவரிடம் கேட்டாயிற்று, நாளைக் காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுவார். இரண்டு பேரும் வாருங்கள். கத்தியை நான் தீட்டி வைக்கிறேன்; ஈரத் துணியும் ஒட்டுக் கட்டும் பிளாஸ்டிக் நாடாவும் நீங்கள் எடுத்து வாருங்கள். மூன்று குச்சி எடுப்போம், ஒன்றாவது பிடிக்கும். கட்டி முடித்த உடனேயே, கையைக் கழுவுவதற்கு முன்னால், பெயர்க்குச்சி எழுதிக் குத்த வேண்டியது உங்கள் வேலை. அதில் என்ன எழுதுவது என்பதை மட்டும் போகிற வழியில் பேசிக்கொள்வோம்.